ஓப்பன் ரேன் தளத்தில் பழுது: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தை அடையும் வழிமுறை

2022 ஜனவரியில் பிரிட்டனின் பாத் நகரில் வோடஃபோன் இயக்கத்துக்குக் கொண்டுவந்த அதன் முதல் 5ஜி ஓப்பன் ரேன் தளத்தில் (பல நிறுவனங்களின் பெட்டிகளையும் மென்பொருளையும் இணைத்துக் கட்டும் கைபேசி வலையமைப்புத் தளம்) ரேடியோ மென்பொருள் சாம்சங்குடையது, சர்வர் டெல்லுடையது, சர்வரின்மேல் ஓடும் கன்டெய்னர் தளம் விண்ட் ரிவருடையது. 2020 ஏப்ரலில் வணிகச் சேவை தொடங்கிய ஜப்பானின் ராக்குட்டன் மொபைலும் இதே பாதையில் முன்பே நடந்தது. இத்தகைய தளத்தில் பழுது வந்தால் அழைக்க ஒற்றைத் தொலைபேசி எண் கிடையாது. ரேடியோ செய்தவர் மென்பொருளைக் கைகாட்டுவார், மென்பொருள்காரர் சுவிட்சைக் கைகாட்டுவார், சுவிட்ச்காரர் தம் போர்ட்டுகள் அனைத்தும் பச்சையாக இருப்பதைப் படம் பிடித்து அனுப்புவார். மூவரும் பெரும்பாலும் உண்மையையே சொல்கிறார்கள், ஏனெனில் பழுது பெட்டிகளுக்குள் இல்லை, இரண்டு பெட்டிகள் சேரும் மூட்டில் இருக்கிறது. ஆகவே எந்த அறிகுறியானாலும் மூட்டின் இரு பக்கத்து எண்ணிகளையும் ஒரே நேரத்தில் படித்த பிறகே யாரையும் அழைக்க வேண்டும் என்பதைக் கீழ்க்காணும் வழிமுறை முழுவதும் அடிப்படையாகக் கொள்கிறது.

இங்கே பேசப்படுவது ஓ-ரேன் கூட்டமைப்பு வகுத்த 7.2எக்ஸ் பிரிப்பில் (ரேடியோ வேலையை ஆர்யூவுக்கும் டியூவுக்கும் பங்கிடும் முறை) இயங்கும் 5ஜி டிடிடி செல், அதாவது ஒரே அலைவரிசையில் அனுப்புவதும் கேட்பதும் மாறி மாறி நடக்கும் செல். கோபுரத்தில் ஆர்யூ எனப்படும் ரேடியோ அலகு இருக்கும், கீழே அறையிலோ சில கிலோமீட்டர் தள்ளியோ பரவல் அலகான டியூ மென்பொருள் ஓடும் சர்வர் இருக்கும், அதற்கும் மேலே மைய அலகான சியூ இருக்கும். ஆர்யூவையும் டியூவையும் இணைக்கும் ஈதர்நெட் பாதைதான் ஃப்ரண்ட்ஹால். அதில் நான்கு வகைப் போக்குவரத்து ஓடுகிறது: நேரத்தைக் கொண்டுவரும் எஸ்-பிளேன், மேலாண்மைக்கான எம்-பிளேன், எந்த நேரத்தில் எதை அனுப்புவது என்று சொல்லும் சி-பிளேன், அலைவடிவ மாதிரிகளைச் சுமக்கும் யு-பிளேன். நேரம், மேலாண்மை, பொட்டலம், காற்று என்ற வரிசையிலேயே சோதிக்க வேண்டும். நேரம் சரியில்லாத தளத்தில் காற்றைச் சோதிப்பவர் பொழுதைத்தான் வீணாக்குவார்.

அறிகுறி: ஃப்ரண்ட்ஹால் போர்ட்டின் விளக்கே எரியவில்லை

இது எளிய பழுது, ஆனாலும் அரை நாளை விழுங்கக் கூடியது. ஒரு முனையில் 10 கிகாபிட் எஸ்எஃப்பியும் (இழையைச் செருகும் ஒளித் தொகுதி) மறுமுனையில் 25 கிகாபிட் எஸ்எஃப்பியும் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் 25 என்றால், பிழை திருத்தும் ஆர்எஸ்-எஃப்இசி அமைப்பு ஒரு முனையில் இயங்கி மறுமுனையில் அணைந்திருக்கலாம். ஒளியின் அளவு சரியாக இருந்தும் இணைப்பு எழாதபோது பெரும்பாலும் இதுவே காரணமாகும். தானாகப் பேசி முடிவெடுக்கும் வசதியை நம்பாமல் இரு முனைகளிலும் கையால் ஒரே அமைப்பை வையுங்கள்.

அறிகுறி: ஆர்யூ "லாக்டு" நிலைக்கு வரவில்லை, அல்லது வந்து வந்து நழுவுகிறது

ஆர்யூவின் நேர நிலை மூன்றில் ஒன்றாகக் காட்டப்படும்: ஃப்ரீரன் (மூலமின்றித் தன்போக்கில் ஓடுவது), லாக்டு (மூலத்தோடு ஒத்திசைந்தது), ஹோல்டோவர் (மூலத்தை இழந்து பழைய நேரத்தைப் பிடித்து ஓடுவது). அது ஃப்ரீரனிலேயே நின்றால், நேரத்தைச் சுமக்கும் பிடிபி நெறிமுறையின் பொட்டலம் அதன் போர்ட்டுக்கு வந்து சேர்கிறதா என்பதே முதல் கேள்வி. சுவிட்சில் அந்தப் போர்ட்டைப் பிரதியெடுத்து, ஈதர்டைப் 88எஃப்7 கொண்ட பொட்டலங்களைப் பாருங்கள். பாதை முழுவதும் பிடிபியை ஆதரிக்கும் வலையமைப்புக்கான ஜி.8275.1 சுயவிவரத்தில் அறிவிப்புச் செய்தி விநாடிக்கு 8 முறையும் ஒத்திசைவுச் செய்தி விநாடிக்கு 16 முறையும் வர வேண்டும். அறவே வரவில்லையென்றால் சுவிட்சின் அந்தப் போர்ட்டில் பிடிபி இயக்கப்படவில்லை. வந்தும் ஆர்யூ ஏற்கவில்லையென்றால், எந்த நேரக் குழு என்பதைக் குறிக்கும் டொமைன் எண்ணைப் பாருங்கள். இந்தச் சுயவிவரத்தின் இயல்பான எண் 24, ஆனால் பொதுவான பிடிபி மென்பொருளின் இயல்பான எண் 0, பகுதி ஆதரவுக்கான ஜி.8275.2-க்கு 44. டொமைனும் பொருந்தினால் பல்முனை முகவரியைப் பாருங்கள். இதே சுயவிவரம் இரண்டு முகவரிகளை அனுமதிக்கிறது. சுவிட்ச் ஒன்றில் அனுப்பி, ஆர்யூ மற்றொன்றுக்காகக் காத்திருப்பது அரிதான பழுதன்று.

லாக் ஆகி நழுவும் பழுது வேறு வகை. அதற்கு மூலத்திலிருந்து இறங்கி வர வேண்டும். நேர மூலமான கிராண்ட்மாஸ்டர் கடிகாரத்தின் ஜிபிஎஸ் ஆன்டெனா வானத்தைப் போதிய அளவு பார்க்கிறதா, கட்டடச் சுவர் பாதி வானத்தை மறைக்கிறதா, அதன் நேரத் தரத்தைச் சொல்லும் கடிகார வகுப்பு எண் அவ்வப்போது மாறுகிறதா என்று ஒரு நாள் முழுவதற்கான பதிவில் பாருங்கள். வகுப்பு எண் மாறும் நேரமும் ஆர்யூ நழுவும் நேரமும் ஒத்துப்போனால் ஆர்யூவைத் தொட வேண்டியதில்லை.

இன்னொரு பழுது எந்த எச்சரிக்கையும் தராது. ஆர்யூ லாக் ஆகியிருக்கும், மூலத்தோடுள்ள நேர வேறுபாடான ஆஃப்செட்டைப் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும், ஆனால் உண்மை நேரத்திலிருந்து விலகியிருக்கும். போகும் இழையும் வரும் இழையும் ஒரே நீளம் என்று பிடிபி கருதிக்கொள்வதே இதற்குக் காரணம். இழையில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோவிநாடி ஆகும். ஒரு இழை மட்டும் 100 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் 500 நானோவிநாடி வேறுபாடு எழும், அதில் பாதியான 250 நானோவிநாடி கடிகாரப் பிழையாக நிலைத்துவிடும். டிடிடி வலையமைப்புக்கான மொத்த வரம்பு கூட்டல் கழித்தல் 1.5 மைக்ரோவிநாடி என்பதால், இது வரம்பில் ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஒற்றை இழையில் இருபுறமும் ஓடும் எஸ்எஃப்பிகளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை ஏறக்குறைய மறைந்துவிடும்.

அறிகுறி: மேலாண்மைத் திரையில் ஆர்யூ தோன்றவில்லை, அல்லது எழுந்த சற்று நேரத்தில் தானே மறுதொடக்கம் ஆகிறது

தோன்றவில்லையென்றால், வலை முகவரி வழங்கும் டிஎச்சிபியிலிருந்து தொடங்குங்கள். ஆர்யூ முகவரி பெற்றதா, அந்த முகவரியோடு மேலாண்மைச் சர்வர் எங்கே இருக்கிறது என்ற விவரமும் டிஎச்சிபியின் 43ஆம் விருப்பத்தில் (ஆப்ஷன்) சென்றதா என்பதைச் சரிபாருங்கள். முகவரி மட்டும் பெற்று விவரம் பெறாத ஆர்யூ யாரையும் அழைக்காமல் காத்துக்கொண்டிருக்கும். விவரம் பெற்ற பிறகு அது 4334 போர்ட்டுக்கு எஸ்எஸ்எச் வழியாகவோ 4335 போர்ட்டுக்கு டிஎல்எஸ் வழியாகவோ அழைக்கும். மேலாண்மை நெறிமுறையான நெட்கான்ஃபின் வழக்கமான 830 போர்ட்டை மட்டும் ஃபயர்வாலில் திறந்து வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனெனில் இங்கே அழைப்பது ஆர்யூதான், மேலாண்மைச் சர்வர் அன்று.

மறுதொடக்கம் ஏறத்தாழ 70 விநாடிக்கு ஒருமுறை கடிகாரம் போல் நடந்தால் மின்சாரத்தையோ வெப்பத்தையோ சந்தேகிக்க வேண்டாம். ஆர்யூவுக்குள் ஒரு கண்காணிப்புக் கடிகாரம் ஓடுகிறது. அதன் இயல்பான இடைவெளி 60 விநாடி, அதன்மேல் 10 விநாடி அவகாசம். அதற்குள் மேலாண்மைப் பக்கம் அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்காவிட்டால், தன்னை இயக்குபவர் இறந்துவிட்டார் என்று கருதி ஆர்யூ மீட்சியில் இறங்கிவிடும். மேலாண்மை மென்பொருள் அறிவிப்புக்குச் சந்தா கட்டியிருக்கிறதா, அறிவிப்பு வந்தவுடன் பதில் அனுப்புகிறதா என்று பாருங்கள். கையால் நெட்கான்ஃப் அமர்வு திறந்து சோதனை செய்யும் பொறியாளர்கள் இந்தப் பதிலை அனுப்ப மறந்துவிட்டு, ஆர்யூ பழுது என்று எழுதி அனுப்பிய சீட்டுகள் நிறைய உண்டு.

அறிகுறி: எல்லாம் பச்சை, கேரியர் "ரெடி", ஆனால் காற்றில் சிக்னல் இல்லை

நேரம் பெரிதும் செலவாகும் இடம் இது. ஆர்யூவில் நான்கு எண்ணிகளை எடுத்து 10 விநாடி இடைவெளியில் இருமுறை படியுங்கள்: உரிய நேரத்தில் வந்தவை, முந்தி வந்தவை, பிந்தி வந்தவை, சிதைந்தவை. இந்த நான்கின் விகிதமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

நான்கும் பூஜ்யம் என்றால் பொட்டலம் வந்து சேரவே இல்லை. விலேன் எண் (ஒரே கம்பியில் ஓடும் வலைகளைப் பிரிக்கும் எண்), ஆர்யூவின் மேக் முகவரி (போர்ட்டின் வன்பொருள் முகவரி), டியூ பயன்படுத்தும் மெய்நிகர் வலையட்டைக்கு அந்த விலேன் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள்.

சி-பிளேன் எண்ணி ஏறுகிறது, யு-பிளேன் எண்ணி ஏறவில்லை என்றால், விடை பெரும்பாலும் எம்டியு, அதாவது ஒரு பொட்டலத்துக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவு. கணக்கு எளிது. 100 மெகாஹெர்ட்ஸ் அகலக் கேரியரில் துணை அலைகளின் 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு பிஆர்பி எனப்படும் அதிர்வெண் தொகுதிகள் 273 இருக்கும். 9 பிட் பிளாக் ஃப்ளோட்டிங் பாயிண்ட் சுருக்கத்தில் ஒரு பிஆர்பிக்கு 28 பைட் வீதம் ஒரு குறியீட்டுக்கு (சிம்பல் எனப்படும் அலைவடிவத்தின் சிறு நேரத் துண்டு) 7,644 பைட். இது ஜம்போ எனப்படும் பெரிய ஈதர்நெட் பொட்டலத்தில் அடங்கும், 1500 பைட் வரம்பில் அடங்காது. நடுவில் உள்ள ஒரே ஒரு சுவிட்ச் போர்ட் 1500-இல் நின்றுவிட்டாலும், சிறிய சி-பிளேன் பொட்டலங்கள் போய்ச் சேரும், பெரிய யு-பிளேன் பொட்டலங்கள் சத்தமில்லாமல் கைவிடப்படும். பாதையின் ஒவ்வொரு போர்ட்டிலும் 9000-க்குக் குறையாமல் வையுங்கள்.

சிதைந்தவை ஏறினால் சுருக்க முறை இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். சுருக்கத் தலைப்பை ஒவ்வொரு பொட்டலத்திலும் எதிர்பார்க்கும் ஆர்யூவுக்கு, அமைப்பு நிலையானது என்று கருதித் தலைப்பை விட்டுவிட்டு டியூ அனுப்பினால் ஒவ்வொரு மாதிரியும் இடம் நழுவிப் படிக்கப்படும். சோதனைக்காகச் சுருக்கத்தை நீக்கி 16 பிட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். மேற்சொன்ன கேரியரில் நான்கு அடுக்குகளுக்கு (ஒரே நேரத்தில் செல்லும் தனித்தனித் தரவோடைகள்) 9 பிட் சுருக்கத்தில் ஏறத்தாழ 6.85 கிகாபிட் தேவை, சுருக்கமின்றி 11.7 கிகாபிட் தேவை. போர்ட் 10 கிகாபிட் என்றால் சோதனையே புதிய பழுதை உண்டாக்கிவிடும்.

எல்லாமே பிந்தி வருகின்றன அல்லது எல்லாமே முந்தி வருகின்றன என்றால் இரண்டு சாத்தியங்கள். முதலாவது, அனுப்பும் சாளரம், அதாவது டியூ அனுப்ப வேண்டிய நேர எல்லை. ஆய்வுக்கூடத்தில் 5 மீட்டர் இழையில் சோதித்த டியூ அமைப்பை அப்படியே 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தளத்துக்குக் கொண்டுபோனால், இழையே 75 மைக்ரோவிநாடி தாமதத்தைச் சேர்க்கும். ஆர்யூ தன் திறன் பட்டியலில் தரும் டி2ஏ எல்லைகளை (பொட்டலம் ஆர்யூவுக்கு வந்து சேர்வதற்கும் காற்றில் ஏறுவதற்கும் இடையிலான நேரம்) எடுத்துக்கொண்டு கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாகக் குறைந்தபட்சம் 70, அதிகபட்சம் 345 மைக்ரோவிநாடி என்று ஆர்யூ சொல்கிறது, பாதையின் தாமதம் 30 முதல் 40 வரை ஊசலாடுகிறது என்று வைத்துக்கொண்டால், டியூ ஒரு குறியீட்டை அது காற்றில் ஏறும் நேரத்துக்குக் குறைந்தது 110 மைக்ரோவிநாடி முன்பாகவும், அதிகபட்சம் 375 மைக்ரோவிநாடிக்கு மேல் முந்தாமலும் அனுப்ப வேண்டும். குறைந்தபட்சத்தோடு நீண்ட தாமதத்தையும் அதிகபட்சத்தோடு குறுகிய தாமதத்தையும் கூட்டுகிறோம் என்பதைக் கவனியுங்கள். பலர் இதை மாற்றிக் கூட்டுகிறார்கள்.

இரண்டாவது சாத்தியம் 37 விநாடிப் பிழை. எனக்கு மிகவும் பிடித்த பழுது இதுதான், ஏனென்றால் எல்லாத் திரைகளும் சரியென்று சொல்லிக்கொண்டே இருக்கும். பிடிபி சுமப்பது அணு நேரமான டிஏஐ. அது உலகப் பொது நேரமான யுடிசியைவிட 37 விநாடி முந்தியது, ஜிபிஎஸ் நேரத்தைவிட 19 விநாடி முந்தியது. ஆர்யூ தான் பெற்ற நேரத்திலிருந்து 19-ஐக் கழித்து ஜிபிஎஸ் நேரத்துக்கு வரும். டியூ மென்பொருள் பொதுவாகச் சர்வரின் கடிகாரத்தை யுடிசி என்று எடுத்துக்கொண்டு 18-ஐக் கூட்டி அதே ஜிபிஎஸ் நேரத்துக்கு வரும். வலையட்டையின் கடிகாரத்தைச் சர்வருக்கு நகலெடுக்கும் பிஎச்சி2சிஸ் நிரலுக்கு 37 விநாடி வேறுபாடு தெரியாமல் போனால், சர்வரில் டிஏஐ உட்கார்ந்துவிடும், டியூ 37 விநாடி முன்னால் ஓடும். ஒரு ஃப்ரேம் 10 மில்லிவிநாடி என்பதால் 37 விநாடி என்பது மீதமின்றி 3,700 ஃப்ரேம். ஆகவே ஃப்ரேமின் எல்லை இம்மியும் பிசகாது, எண் மட்டும் பிசகும். ஃப்ரண்ட்ஹால் தலைப்பில் ஃப்ரேம் எண் 8 பிட்தான், 256-இல் சுற்றிவிடும், 3,700-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 116. இருபுறத்திலும் பிடித்த பொட்டலங்களில் ஃப்ரேம் எண் 116 தள்ளி நின்றால் வேறெதையும் தேட வேண்டாம். 8 தள்ளி நின்றால் 18 விநாடிப் பிழை, 108 என்றால் 19 விநாடிப் பிழை. இந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதிச் சர்வர் ரேக்கின் கதவில் ஒட்டி வைக்கலாம்.

அறிகுறி: கைபேசி செல்லைப் பார்க்கிறது, சேர மறுக்கிறது

கீழ்நோக்கிய பாதை நலம், மேல்நோக்கிய முதல் தட்டல் கேட்கவில்லை என்று பொருள். அந்த முதல் தட்டல் பிராக் எனப்படும் தனிச் சேனலில் வருகிறது. டியூ அதை வாங்குவதற்கு ஆர்யூவிடம் தனியான ஓடை எண்கள் கொடுத்திருக்க வேண்டும். சாதாரணத் தரவுக்கு 0 முதல் 3 வரையும் பிராக்குக்கு 4 முதல் 7 வரையும் வைப்பது பரவலான வழக்கம், ஆனால் விதியன்று. ஆர்யூவுக்கு ஆர்யூ மாறும். எண் பிசகினால் பிராக் மாதிரிகள் டியூவுக்கு வந்தும் எவரும் படிக்காமல் கொட்டப்படும். அடுத்ததாக, பிராக்குக்கான சி-பிளேன் செய்தி மூன்றாம் வகைப் பிரிவில் செல்கிறதா, அதிலுள்ள அதிர்வெண் நகர்வின் கூட்டல் கழித்தல் குறியை இரு பக்கமும் ஒரே பொருளில் படிக்கின்றனவா என்று பாருங்கள். கோபுரத்தின் அடியில் நிற்கும் கைபேசி சேர்கிறது, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருப்பது சேரவில்லை என்றால் ஃப்ரண்ட்ஹாலை விட்டுவிடுங்கள். பிராக் வடிவமும் சுழற்சி இடைவெளியும் அந்தச் செல்லின் ஆரத்துக்கு ஏற்றவையா என்பதே அப்போதைய கேள்வி.

அறிகுறி: சிக்னல் முழுமை, வேகம் இல்லை

சோதனைக் கைபேசியில் சிக்னல் வலிமை நன்றாக இருந்தும் பண்பேற்றம் கீழ்நிலையிலேயே தங்கினால், டியூ கொடுத்த மாதிரிகளின் அளவும் ஆர்யூ எதிர்பார்க்கும் முழு அளவும் பொருந்தவில்லை. அளவு மிஞ்சினால் முகடுகள் வெட்டப்பட்டு அலைவடிவம் கெடும், குறைந்தால் செல் பத்து டெசிபெல் மெலிந்து நிற்கும். டியூவில் உள்ள அளவீட்டுக் கெழுவை ஒவ்வொரு டெசிபெல்லாகக் குறைத்து, அலைவடிவப் பிழை எங்கே திடீரென்று சீராகிறது என்று அளவியில் பாருங்கள்.

வேகம் காலையில் சரி, மாலையில் கூட்டம் ஏறியதும் சரிகிறது என்றால் பழைய நான்கு எண்ணிகளுக்கே திரும்புங்கள். நெரிசலோடு சேர்ந்து பிந்தியவை ஏறினால் அது சர்வரின் கோளாறு. 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஸ்லாட் அரை மில்லிவிநாடி, ஒரு குறியீடு ஏறத்தாழ 36 மைக்ரோவிநாடி. இயங்குதளம் நூறு மைக்ரோவிநாடி வேறு வேலைக்குப் போய்விட்டு வந்தால் மூன்று குறியீடு தொலைந்தது. டியூவுக்கென ஒதுக்கிய கோர்களில் வேறு எதுவும் ஓடவில்லையா, பயாஸில் மின்சேமிப்பு நிலைகள் அணைந்திருக்கின்றனவா, நினைவகமும் வலையட்டையும் அதே சாக்கெட்டில் உள்ளனவா என்று பாருங்கள். மின்சேமிப்பை நிர்வாகக் குழு "பொதுக் கொள்கை"யாக ஒரு நாள் இயக்கிவிட்டதால் முடங்கிய தளம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். டியூ மென்பொருளில் மூன்று நாள் தேடிய பிறகுதான் அது தெரிந்தது.

அறிகுறி: இந்தச் செல் நலம், அண்டைச் செல்கள் கெடுகின்றன

உடனடியாக ஒளிபரப்பை நிறுத்த வேண்டிய அறிகுறி இது ஒன்றுதான். டிடிடியில் எல்லாச் செல்களும் ஒரே கணத்தில் பேசி ஒரே கணத்தில் கேட்க வேண்டும். நேரம் பிசகிய செல் மற்றவர்கள் கேட்கும்போது பேசும். அதன் சொந்தக் கைபேசிகளுக்கு ஒரு குறையும் தெரியாது, சுற்றியுள்ள செல்களின் மேல்நோக்கிய இரைச்சல் மட்டும் உயரும். செல்லை நிறுத்தியதும் அண்டை இரைச்சல் இறங்கினால் குற்றவாளி உறுதி. ஹோல்டோவரில் எவ்வளவு நேரம் ஒளிபரப்பலாம் என்ற வரம்பு ஆர்யூவில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேரம் சரியாக இருந்தால், எப்போது பேசுவது, எப்போது கேட்பது என்ற டிடிடி வார்ப்பு அண்டைச் செல்களோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: கைபேசி சேர்கிறது, பிங் போகிறது, வலைப்பக்கம் பாதியில் தொங்குகிறது

இது ஃப்ரண்ட்ஹாலைத் தாண்டிய பழுது. டியூவுக்கும் சியூவுக்கும் இடையே கட்டுப்பாடு 38472 போர்ட்டில் எஸ்சிடிபி வழியாகவும், தரவு 2152 போர்ட்டில் ஜிடிபி வழியாகவும் செல்கின்றன. ஜிடிபி உறை 5ஜியில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 44 பைட் வரை சேர்க்கும். 1500 பைட் பொட்டலம் 1544 ஆகி, நடுவிலுள்ள வரம்பில் முட்டி விழும். ஐபிசெக் குறியாக்கம் இருந்தால் இன்னும் கூடும். போக்குவரத்துப் பாதையின் வரம்பை உயர்த்துவதே முறையான தீர்வு. கைபேசிக்கு அறிவிக்கும் எம்டியுவைக் குறைப்பது தற்காலிக ஒட்டு.

அறிகுறி: மென்பொருள் மாற்றிய மறுநாள் வந்த எதுவும்

முதலில் பின்வாங்குங்கள், பிறகு ஆராயுங்கள். ஆர்யூவில் மென்பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. பழையது இருக்கும் இடத்தை மீண்டும் செயல்படுத்தி மறுதொடக்கம் செய்தால் முந்தைய நிலை திரும்பும். சீரானதும் புதிய பதிப்பின் திறன் பட்டியலையும் பழையதன் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். டி2ஏ எல்லையோ இயல்பான சுருக்க முறையோ ஓடை எண்களோ மாறியிருக்கும், வெளியீட்டுக் குறிப்பில் அது ஒரு வரியாகக்கூட இருக்காது.

இத்தனைக்கும் பிறகு நிறுவனங்களை அழைக்க வேண்டியிருந்தால், அனைவரையும் ஒரே அழைப்பில் சேர்த்து, ஒரே தொகுப்பை எல்லோருக்கும் அனுப்புங்கள்: சுவிட்சின் இரு போர்ட்டுகளிலும் வன்பொருள் நேரமுத்திரையோடு ஒரே கணத்தில் பிடித்த பத்து விநாடிப் பொட்டலங்கள், அதே பத்து விநாடியின் முன்னும் பின்னும் எடுத்த ஆர்யூ எண்ணிகள், டியூவின் எண்ணிகள், நேர நிலைப் பதிவு, மூன்று பெட்டிகளின் மென்பொருள் பதிப்பு எண்கள். சர்வரில் மென்பொருளால் பிடித்த பொட்டலக் கோப்பை மட்டும் அனுப்பினால், அதிலுள்ள நேரம் நம்பத்தக்கதன்று என்ற ஒரே பதிலோடு சீட்டு மூடப்படும்.